கடைசியில் ஒரு ‘ம்’

கல்கத்தாவில் மலை கிடையாது. மேடு என்று சொல்லத்தக்கதுகூடக் கிடையாது. லேக் கார்டன்ஸில் நாங்கள் குடியிருந்த தெருவில் மழை பெய்தால், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தண்ணீர் அங்கேயே நிற்கும். அந்த ஊரில் மலையேற்றத்துக்கு ஆள் என்று பெயர் வாங்கியவன் நான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றுக்கு மாற்றலாகி வந்தவன். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சமவெளிக்காரன். என் மனைவிதான் மலை அடிவாரத்துப் பெண். பழனியில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடப் பரீட்சை என்றால்கூட விடிகாலையில் படியேறிக் கும்பிட்டுவிட்டுத்தான் போவாளாம். கல்யாணமான புதிதிலேயே இதைச் சொல்லியிருக்கிறாள். நான் செய்ததைத் தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன். அவள் போய்ச் சில வருடங்கள் ஆகின்றன.

தொண்ணூறுகளில் எங்களைப் போல மாற்றலாகி வந்த தமிழ்க் குடும்பங்கள் தெற்குக் கல்கத்தாவில் நிறைய இருந்தன. குளிர்காலம் வந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சேர்ந்து எங்காவது போவோம். முதலில் சாந்த்ராகாச்சி ஏரிக்குப் பறவை பார்க்கப் போய்க்கொண்டிருந்தோம். ஒரு நாள் எங்கள் கூட்டத்தில் ஒருவர், “சார், எத்தனை நாளைக்குத்தான் வாத்தையே பாத்துக்கிட்டிருக்கிறது? அதுங்களுக்கே நம்மளப் பாத்து அலுத்துப்போச்சு” என்றார். என் அலுவலகத்தில் எனக்கு இளையவரான ஒரு வங்காளி நண்பர் இருந்தார். மலையேறும் கிளப் ஒன்றில் பழகியவர். பாங்குரா, புருலியா பக்கம் குன்றுகள் இருக்கின்றன, காலை ரயிலில் போய் அன்றிரவே திரும்பிவிடலாம் என்று அவர்தான் சொன்னார். அப்படித்தான் ஆரம்பித்தது.

குன்றைத் தேர்ந்தெடுப்பது என்றால் உயரத்தைக் கேட்டுக்கொள்வது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உயரம் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை. ஏறும்போது பொறுத்துக்கொள்கிற முழங்கால் இறங்கும்போதுதான் கணக்குத் தீர்க்கும். அதனால் இறங்கும் வழியைத்தான் முதலில் பார்க்க வேண்டும். உதிரிக் கல்லா, பாறையா, மண்ணா என்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் நிழல் எந்தச் சரிவில் விழுகிறது, பாதி வழியில் வேண்டாம் என்று தோன்றுகிறவர் யார் துணையுமில்லாமல் திரும்பி வர முடியுமா என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏறாதவர்கள் உட்காரும் இடத்திலிருந்தும் பார்ப்பதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அவர்களை டீக்கடை பெஞ்சில் விட்டுவிட்டுப் போனால் அடுத்த முறை வரமாட்டார்கள். நானும் நண்பரும் ஒரு ஞாயிறு முன்னதாகவே போய் இதையெல்லாம் பார்த்துவிட்டு வருவோம்.

நண்பர் ஒரு விதி வைத்திருந்தார். மெதுவாக நடக்கிறவர் வரிசையின் முன்னால் போக வேண்டும். அவர் வேகம்தான் எல்லோருடைய வேகமும். இதை நான் ஒவ்வொரு பயணத்திலும் மற்றவர்களுக்குப் பிரசங்கம் செய்தேன்.

ஆட்களை மூன்றாகப் பிரிப்பேன். நிழல் கோஷ்டி, பாதி கோஷ்டி, உச்சி கோஷ்டி. யார் எதில் என்று கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். தொப்பை பெருத்தவர் உச்சி என்பார். தினமும் மாடிப்படி ஏறி இறங்குகிற அம்மாள் நிழல் போதும் என்பார். அதனால் நான் கேட்பதில்லை. ரயில் பிடிக்கச் சாந்த்ராகாச்சி ஸ்டேஷனில் ஓவர்பிரிட்ஜ் ஏறுவோம். நான் முதலில் ஏறி மேலே நின்றுகொள்வேன். பேசிக்கொண்டே ஏறி வருகிறவர் உச்சி. பேச்சை நிறுத்திவிட்டு ஏறுகிறவர் பாதி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்கிறவர் நிழல். சுலபமான சோதனை. தவறியதே இல்லை என்று பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

என் மனைவி எப்போதும் கடைசியில்தான் வருவாள். நடுவில் ஒரு முறை நிற்பாள். நிழல்.

அவள் இரண்டு கைகளிலும் பை இருக்கும். ஒன்றில் எல்லோருக்குமான புளியோதரைத் தூக்கு, இன்னொன்றில் தயிர்சாதமும் தண்ணீரும். கை மாற்றுவதற்காகத்தான் அவள் நடுவில் நின்றாள். அந்தப் பைகளோடு சேர்த்துத்தான் நான் அவளை எடைபோட்டேன். என் கையில் பைனாகுலர் மட்டும் இருக்கும்.

சுசுனியா குன்றுக்குப் போன அன்று அவள் புடவைக்குக் கீழே வெள்ளைக் கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். புதிது. கடியாஹாட் கடைத்தெருவில் எனக்குத் தெரியாமல் வாங்கியிருக்கிறாள்.

“என்ன, இன்னிக்கு ஸ்போர்ட்ஸ் டேயா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“ஓடி ஜெயிச்சா கப்பு வாங்கித் தருவீங்களா?” என்றாள். கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவள் பையை எடுத்துக்கொண்டு ஓவர்பிரிட்ஜில் ஏறினாள். அன்றும் நடுவில் நின்றாள்.

பாங்குராவில் இறங்கி ஜீப் பிடித்து அடிவாரத்துக்குப் போனபோது பனி விலகியிருந்தது. அங்கே பாறையிலிருந்து ஓர் ஊற்று வந்து விழுகிறது. பக்கத்தில் மரநிழல், கல்லில் தட்டும் குவளையும் செதுக்கி விற்கிற கடைகள், மேலே பார்த்தால் குன்று முழுவதும். நிழல் கோஷ்டிக்கு அதைவிட நல்ல இடம் அமையாது. ஜமுக்காளம் விரித்தார்கள். என் மனைவி பைகளை வைத்துவிட்டு, கீழே உட்காராமல், பாதை தொடங்கும் இடத்தில் வந்து நின்றாள்.

நான் உச்சி கோஷ்டியை எண்ணிக்கொண்டிருந்தேன். நண்பர்தான் அவளைக் கவனித்தார். வங்காளிகள் அண்ணனைத் தாதா என்பார்கள், அண்ணியைப் பௌதி என்பார்கள். எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்.

“பௌதி, பார்பென்?” என்று கேட்டார். உங்களால் முடியுமா என்று அர்த்தம்.

“பார்போ” என்றாள்.

வங்காளியில் அதற்கு ‘என்னால் முடியும்’ என்று பொருள். நம் காதுக்கு அது ‘பார்ப்போம்’ மாதிரி இருக்கும். எங்கள் வீடுகளில் பார்ப்போம் என்றால் இல்லை என்பதை நோகாமல் சொல்வது. யாராவது விசேஷத்துக்குக் கூப்பிட்டுப் போக விருப்பமில்லை என்றால் பார்ப்போம் என்போம், கூப்பிட்டவருக்கும் புரிந்துவிடும்.

நான் திரும்பிப் பார்த்து, “பார்ப்போம்னு சொல்றா. அப்படின்னா எங்க ஊர்ல வேண்டாம்னு அர்த்தம். அவ இங்கயே சாப்பாட்டைப் பாத்துக்கட்டும், இல்லாட்டி குரங்கு வந்துடும்” என்றேன். தமிழில் ஒரு முறை, நண்பருக்காக வங்காளியில் ஒரு முறை.

நண்பர் அவளைப் பார்த்தார். அவள் என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்வாள் என்று ஒரு கணம் பயந்தேன். அவள் குனிந்து ஷூ முடிச்சைச் சரிசெய்துகொண்டு ஜமுக்காளத்துக்குப் போனாள். மூட்டுவலிக்காரப் பக்கத்து வீட்டு அக்கா அங்கிருந்து சத்தமாக, “வாடி, நம்ம சீட்டு இங்கதான். ஏறிட்டு வந்து ஏப்பம் விடுறவங்களுக்கு இலை போட ஆள் வேணாமா?” என்று சொன்னது கேட்டது.

உச்சியில் நல்ல காற்று. கீழே நெல் அறுத்த வயல்கள், குளங்கள், மேற்கே மங்கலாக இன்னொரு குன்று. பைனாகுலரில் அடிவாரத்தைப் பார்த்தேன். ஜமுக்காளத்தில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் உருவம் மட்டும் தள்ளி, பாதை தொடங்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தது. கையசைத்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து அவளுக்குத் தெரிந்திருக்காது.

நண்பர் என் பக்கத்தில் வந்து நின்றார். “தாதா, பௌதி பார்போ என்றுதானே சொன்னார்? வங்காளியில்?” என்றார். அவர் தயங்கித்தான் கேட்டார்.

“அப்படியா? அடடா!” என்று சிரித்தேன். “ரெண்டு மொழிக்கு நடுவிலே மாட்டிக்கிட்டா பாவம். அடுத்த குளிருக்குக் கூட்டிட்டு வந்துடலாம்.”

திரும்பும்போது ரயிலில் அவள் எனக்கு எதிரே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது.

“மேலருந்து என்னங்க தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“பெரிசா ஒண்ணுமில்ல. ஒரே மூட்டம்” என்றேன்.

அவள் தலையாட்டிக்கொண்டு தூக்கின் மூடியை அழுத்தி மூடினாள். பனி விலகிய பிறகு அந்த நாள் முழுக்க வானத்தில் மூட்டமே இல்லை. அடிவாரத்தில் நின்றவளுக்கு அது தெரியாதா?

இந்தப் பார்போ, பார்ப்போம் கதையை அதன் பிறகு நான் எத்தனை வீடுகளில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கொலு, தமிழ்ப் புத்தாண்டு, யாராவது மாற்றலாகிப் போகும்போது கொடுக்கும் விருந்து, எங்கே நாலு பேர் கூடினாலும் சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள். வங்காளத்தில் வாழ்கிற தமிழனுக்கு மட்டுமே வரக்கூடிய தடுமாற்றம் என்று ஒருவர் பாராட்டினார். அவள் காபி டம்ளர்களோடு உள்ளேயிருந்து வருவாள். கடைசி வரியை நான் சொல்லும் நேரத்தில் அவள் வந்திருந்தால் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள்.

நான் தடுமாறவில்லை. அதுதான் நான் எழுத வந்தது. கல்கத்தாவில் அப்போது எனக்குப் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. மீன்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் அலுவலகத்திலும் பேசிய வங்காளி. ஒரு நாளைக்கு எத்தனை பார்போ என் காதில் விழுந்திருக்கும். அவள் சொன்ன சொல்லின் முடிவில் ‘ம்’ இல்லை. எனக்கு அது தெளிவாகக் கேட்டது. அவள் வந்தால் விதிப்படி முன்னால் விட்டு அவள் வேகத்துக்கு நான் நடக்க வேண்டும். கூட்டத்தின் தலையில் நடக்க எனக்குப் பிடித்திருந்தது. திரும்பி வந்தவுடன் சாப்பாடு தயாராக இருப்பதும் பிடித்திருந்தது. இதைவிடப் பெரிய காரணம் எதுவும் இல்லை. பெரிய காரணம் இருந்திருந்தால் ஒருவேளை எழுதச் சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த குளிருக்கு அவளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த குளிருக்கு நான் அவளிடம் கேட்கவே இல்லை. அந்த ஷூ அலமாரியின் கீழ்த்தட்டில் மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்து, பிறகு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. இரண்டாயிரம் பிறந்த பிறகு அவளுக்கு விரல் மூட்டுகளில் வீக்கம் தொடங்கியது. மணிக்கட்டுக்கு வந்தது, முழங்காலுக்கு வந்தது. மூட்டுவாதம் என்றார் டாக்டர். அடுப்பிலிருந்து பாத்திரம் இறக்குகிற வேலை முதலில் என்னிடம் வந்தது, பிறகு சமையலே வந்தது. பயணங்கள் எப்போதோ நின்றுபோயிருந்தன. நண்பரும் மாற்றலாகிப் போய்விட்டார்.

நான் ஓய்வுபெற்ற பிறகு, தினமும் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள், ஏரிப் பக்கம் காற்றாட இருக்கும் என்று டாக்டர் சொன்னார். எங்கள் வீட்டிலிருந்து ஏரிக்குப் போக ரயில் பாதையைத் தாண்ட வேண்டும். ஸ்டேஷன் ஓவர்பிரிட்ஜ்தான் வழி. ஆட்டோ வைத்துச் சுற்றிப் போகலாம் என்றேன். ஓவர்பிரிட்ஜ் வரைக்குமாவது நடக்கிறேன் என்றாள்.

ஒரு ஜனவரி காலை. அவள் கையில் எதுவும் இல்லை. தண்ணீர் பாட்டிலும் சால்வையும் என்னிடம் இருந்தன. படிகளின் அடியில் வந்து நின்றோம். ஆபீஸ் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். அவள் படிகளை அண்ணாந்து பார்த்தாள். எனக்குள் என்ன புகுந்ததோ, அவளிடம் நான் பேசவே பேசாத வங்காளியில், “பார்பே?” என்று கேட்டேன். அவள் பார்போ என்று சொல்ல வேண்டும் என்று விரும்பினேன். சொன்னால் எவ்வளவு நேரம் ஆனாலும் சரி, ஒவ்வொரு படியாக அவள் பின்னாலேயே ஏறுவது என்று இருந்தேன்.

அவள் கைப்பிடியில் கை வைத்தாள். விரல்கள் மடங்காததால் பிடிக்க முடியவில்லை. கையை எடுத்துக்கொண்டாள்.

“பார்ப்போம்” என்றாள்.

பிறகு என் முகத்தைப் பார்த்து, “இந்தத் தடவை கடைசியில ‘ம்’ இருக்குங்க. நல்லாக் கேட்டுச்சா?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. விருந்துகளில் சிரிப்பாளே, அந்தச் சிரிப்புத்தான்.

“கேட்டுச்சு” என்றேன்.

“அப்ப வாங்க, வீட்டுக்குப் போலாம். வெயில் ஏறுது.”

திரும்பி நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். வீடு வந்து சேர வெகுநேரம் பிடித்தது. சுசுனியாவில் அன்றைக்கும் எனக்குக் கேட்டது என்று சொல்வதற்கு அந்த நேரம் போதும்; நான் சொல்லவில்லை. வாசலில் குனிந்து அவள் கால் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். பால் வைத்தேன்.