மிச்ச வாளியும் கரண்டியும்

என் தம்பிக்கு மூன்று பெண்கள். மூத்தவளை என் மச்சான் மகனுக்குக் கொடுத்தோம். கடைக்குட்டி படித்து வெளிதேசம் போய்விட்டாள். நான் சொல்லப்போவது நடுவில் பிறந்தவளைப் பற்றி. தையல் ஆலையில் வேலை செய்யும் பெண்கள் தங்கள் பிள்ளைகளை விட்டுப்போகும், ஆலைக்குள்ளேயே உள்ள காப்பகத்தில் சோறு பரிமாறுகிறாள். அதனால் ஊருக்கே அவள் 'கரண்டி'. நானும் அந்த ஆலை வாசலில் பதினெட்டு வருஷம் காவலுக்கு இருந்தவன். ஆகவே இதில் பாதி நான் கண்ணால் கண்டது, மீதி அவள் வாயால் கேட்டது.

காப்பகத்தில் இரண்டு கூடம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள், கூடத்துக்கு இருபது பேர். மதியச் சாப்பாடு முடிந்ததும் தட்டுகளில் மிஞ்சியதை வாளியில் கொட்டித் தராசில் ஏற்றுவார்கள். எந்தக் கூடத்து வாளி எடை குறைவோ, அங்கே பரிமாறியவள் பெயர் அந்த வாரம் பலகையில் ஏறும். கரண்டியின் பெயர் பதினான்கு வாரம் இறங்கவே இல்லை.

"உன் கூடத்துத் தட்டைக் கழுவாமலே அடுக்கிடலாம்டி" என்பாள் பாத்திரம் கழுவுகிறவள்.

அவள் எப்படிச் சாதித்தாள் என்றால், சுவரில் டிவியை ஓடவிடுவாள். பிள்ளை படத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது ஒரு கவளம் உள்ளே போய்விடும். முகத்தைத் திருப்பினால், "இன்னும் நாலே வாய்டா ராஜா, முடிச்சா ரெண்டு பிஸ்கட்."

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நர்ஸ் வந்து எடையும் உயரமும் பார்ப்பார். சின்ன இடுக்கி ஒன்றால் மேல்கைக்குப் பின்புறச் சதையைப் பிடித்துக் கொழுப்பையும் அளப்பார். அந்தத் தடவை நோட்டை மூடாமலே கரண்டியைக் கூப்பிட்டார்.

"வளர்ற பிள்ளைக்கு எடை கூடத்தான் செய்யும். ஆனா உன் கூடத்துல பதினோரு பேருக்குக் கொழுப்பு வேகமா ஏறியிருக்கும்மா. பக்கத்துக் கூடத்துல நாலே பேருக்குத்தான். என்ன குடுக்கற?"

"அதே பானை, அதே சோறுதான் சிஸ்டர்."

"அப்போ தப்பு சோத்துல இல்ல. நீ குடுக்கற விதத்தைப் பாரு."

அன்று சாயங்காலம் என் பக்கத்துப் பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். "பிள்ளைங்க வயிறு காயக்கூடாதுன்னுதானே பெரியப்பா ஊட்டினேன்?"

"இல்லேன்னு யாரு சொன்னா? நாளைக்கு ஒரு நாள் ஊட்டாம, சும்மா உக்காந்து பாரேன்" என்றேன். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

பார்த்தாள். ஒரு பையன் பாதிச் சோறு தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளினான். இத்தனை நாளாக அவள் பிடிவாதம் என்று நினைத்தது அதைத்தான். வயிறு நிறைந்துவிட்டது என்று அவன் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

மறுநாளே டிவியை அணைத்தாள். பெரிய கரண்டியை வைத்துவிட்டுச் சின்னதை எடுத்தாள். "வேணும்னா கேளு, போதும்னா வை" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். சாப்பிட்டதற்குப் பரிசாகப் பிஸ்கட் கொடுப்பதும் நின்றது.

பிள்ளைகளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஊட்டுவாள் என்று வாயைத் திறந்தபடி காத்திருந்தார்கள். வாளி கனத்தது, பலகையிலிருந்து பெயர் இறங்கியது. சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"என்னம்மா கரண்டி, கை தளர்ந்துடுச்சா? அடுத்த தடவை நர்ஸ் வரட்டும். அவங்க நல்லதா ஒரு வார்த்தை சொல்லலேன்னா நீ பாத்திரம் கழுவற பக்கம் போயிடு."

அவளுக்கு உயிரே அந்தப் பரிமாறும் வேலைதான். கூடத்துக்குள் நுழைந்தால் இருபது பிள்ளைகளும் காலைக் கட்டிக்கொள்ளும். அதை விட்டு எப்படிப் போவாள்? போதாததற்குத் தாய்மார்கள் வேறு.

"எம்புள்ள காத்துல பறந்துடப் போறான். பட்டினியா போடற?"

"பறந்தா நான் புடிச்சுக்கறேன்க்கா. பசிச்சா அவனே கேக்கறான், ரெண்டாம் தடவையும் போடறேன். இதுவரைக்கும் நான்தான் தப்புப் பண்ணிட்டேன். நிறைஞ்ச வயித்துல திணிச்சிருக்கேன்." அத்தனை பேர் நடுவில் தலை நிமிர்ந்து அப்படிச் சொன்னாள்.

தட்டைக் கண்டாலே ஓடி ஒளியும் ஒல்லிப் பெண் ஒருத்தி உண்டு. மூன்றாம் வாரம் அவளே தட்டை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்றாள். அன்று கரண்டி வாசலுக்கு ஓடிவந்து என்னிடம் அதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சுவிட்டாள்.

நர்ஸ் வந்த நாளில் வாசலை இன்னொரு காவல்காரனிடம் ஒப்படைத்துவிட்டு ஜன்னல் ஓரம் போய் நின்றேன். இடுக்கி ஒவ்வொரு கையாகத் தொட்டு வந்தது. கரண்டி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பதினோரு பேர்ல ஒம்பது பேருக்குக் கொழுப்பு ஏறல. உயரம் மட்டும் நல்லா கூடியிருக்கு" என்றார் நர்ஸ். "ரெண்டு பேருக்கு இன்னும் ஏறுது, வீட்டுல விசாரிக்கணும். அந்த ஒல்லிப் பொண்ணுக்கு எடை கூடியிருக்கு. நல்லா பண்ணியிருக்கம்மா."

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். "சரி, நீ இங்கயே இரு. இந்த வாரம் பலகையில உன் பேரையே போட்டுடலாம்."

"பேரு வேணாம் சார். மிச்சத்தை எடை போடறத நிறுத்துங்க. அந்தப் பலகைக்காகத்தான் நான் அப்படி ஊட்டினேன். நாளைக்கு இன்னொருத்தியும் ஊட்டுவா."

அவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் சரி என்று தலையை ஆட்டினார்.

தராசைக் கிடங்குக்குத் தூக்கிப்போனவன் நான்தான். வழியில் கேட்டவர்களிடம், "எங்க வீட்டுப் பொண்ணு நிறுத்திட்டா" என்றேன். கேட்காதவர்களையும் நிறுத்திச் சொன்னேன்.