ஒரே மேசையில் நான்கு பேர்

இன்று எங்கள் மலையில் குண்டூர் நாடு என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம். முழங்காலைக் காட்டப் போனேன்.

டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபி என்று நான்கு படிப்பு மாணவர்கள் ஒரே மேசையில் இருந்தார்கள். கலந்து பேசித்தான் வைத்தியம் சொல்ல வேண்டும் என்பது கல்லூரி உத்தரவாம்.

என் மனைவி பக்கவாதத்தில் கிடந்தபோது டாக்டர் ஒன்று சொன்னார், பயிற்சி கொடுத்தவர் வேறொன்று சொன்னார். ஒருவர் சொன்னது மற்றவருக்குத் தெரியாது. நடுவில் நான்தான் மலை ஏறி இறங்கினேன். அவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தக் கோபம் ஆறவில்லை.

முழங்காலை விட்டுவிட்டேன். "ஊட்டுக்காரிக்கு ஒரு பக்கம் கை கால் வராதுங்க" என்றேன்.

நான்கு தலைகளும் நெருங்கின.

டாக்டர் பையன் மாத்திரை பெயர் சொன்னான். "இருடா. பாட்டிக்கு முழுங்க முடியுதான்னு கேட்டியா?" என்று நர்ஸ் பெண் அதட்டினாள்.

"வாசல்ல ஏத்தம், படி ஏதும் இருக்குங்களா தாத்தா?" என்றாள் பிசியோதெரபி பெண்.

அன்றைக்கு யாரும் கேட்காத கேள்விகள். பதில்கள் என்னிடம் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

"பாட்டியால வர முடியாதுன்னா நாளைக்கு நாங்க நாலு பேரும் ஊட்டுக்கே வாரோங்க" என்றான் டாக்டர் பையன்.

"வாங்க சாமி" என்று வழியும் சொல்லிவிட்டேன்.

வந்து நின்றால் என்ன சொல்வது? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வர வேண்டாம் என்று சொல்லிவிடு என மட்டும் யாரும் எழுதாதீர்கள். அதைச் சொல்ல மாட்டேன்.