பட்டனில் சண்டை போட்டவள்

“அண்ணி, உங்க துணியோட என் துணிய ஊறவைக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? சாயம் எறங்கிப்போச்சு பாருங்க.”

“துணிய எவடி தொட்டா? பால் பொங்கிடுச்சு, அவ்வளவுதான். அடுப்பு என்ன உன் பாவாடையா?”

மறுபடியும் அதே பேச்சு, அதே மூச்சில் வந்தது. என் நாத்தனார் அதை வாயால் சொல்லவில்லை. மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒரு பட்டனை அழுத்திச் சொன்னாள். பால் பொங்கியதற்கு அவளிடம் பேச்சு கிடையாது. இருப்பதில் எது காரமோ அதை எடுத்து விட்டாள்.

அவள் என் புருஷனின் தங்கை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள். எந்த வார்டு, எந்த டாக்டர் என்று காலை முதல் மாலை வரை பேசிக்கொண்டே இருப்பாள். ஊரில் பாதிப் பேர் அவள் குரலைக் கேட்டிருப்பார்கள். முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். கல்யாணம் அமையவில்லை. யாரும் மெனக்கெட்டுத் தேடவும் இல்லை. என் புருஷன் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். ஒட்டி உறவாடினோம் என்று சொன்னால் அவளே சிரிப்பாள். இந்தக் கதையை நான் சொல்லச் சொல்ல அவள்தான் லேப்டாப்பில் தட்டுகிறாள். என் பேச்சைத் திருத்திப் புத்தகத் தமிழாக்கிவிடுகிறாள். திட்டினதை மட்டும் அப்படியே விடு என்று சொல்லியிருக்கிறேன்.

வேலையை விட்ட கையோடு அவளுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால்தான் உயிர் நிற்கும் என்றார் டாக்டர். ஒரு நர்ஸம்மாதான் யோசனை சொன்னாள், “இப்பவே தேவையான பேச்செல்லாம் கம்ப்யூட்டர்ல பேசி வெச்சுக்கங்க. அப்புறம் பட்டன அமுக்கினா உங்க குரலே பேசும்.”

நாத்தனார் அறையைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பித்தாள். வெளியே எனக்கு முணுமுணுப்பு கேட்டது, நடுநடுவே அதட்டலும் கேட்டது. கதவைத் தட்டினேன்.

“உள்ள யாரோட சண்ட போடற?”

“உங்களோடதான் அண்ணி. முன்கூட்டியே போட்டு வெக்கறேன்.”

அவள் தொண்டையிலிருந்து நான் கேட்ட கடைசிப் பேச்சில் அதுவும் ஒன்று.

ஆபரேஷன் முடிந்து வந்ததும் எங்கள் குடித்தனம் பட்டனில் நடந்தது. தெருவில், கடையில் அவள் சிலேட்டு அட்டையில் எழுதிக் காட்டுவாள், அவர்கள் படித்துக்கொள்வார்கள். என்னிடம் அது செல்லாது. நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவள். எண் தெரியும், எழுத்து தெரியாது. அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அந்த லேப்டாப் பெட்டி ஒன்றுதான். “அண்ணி, பசிக்குது.” “அண்ணி, மாத்திர தீந்துபோச்சு.” “அண்ணி, டிவி சத்தத்தக் கொறைங்க, காது கிழியுது.” நான் வேண்டுமென்றே ஒரு திருகு கூட்டுவேன். அவள் மறுபடி அழுத்துவாள். எங்களுக்கு அது பொழுதுபோக்கு.

ஒரு நாள் பெட்டிக்குள் டிக், டிக் என்று சத்தம் கேட்டது. பல்லி என்று நினைத்துச் சுவரைப் பார்த்தேன். திரை கறுத்துப் போனது. அவள் அணைத்துப் போட்டாள், திரும்பவும் போட்டாள். அழுத்திய பட்டனையே திரும்பத் திரும்ப அழுத்தினாள். பிறகு பெட்டியைத் துண்டில் சுற்றிக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே போனேன்.

செருப்புக் கடைக்கு மேலே மாடியில் ஒரு மனிதர் செத்துப்போன கம்ப்யூட்டர் டிஸ்குகளைப் பிழைக்க வைக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சின்ன அறை. மேசை முழுக்க ஊசி போன்ற திருப்புளிகள், ஒரு பூதக்கண்ணாடி விளக்கு. அவர் பெட்டியைப் பிரித்து உள்ளே இருந்த டிஸ்கைக் காதருகே வைத்து ஒரு நொடி ஓட்டிக் கேட்டார். உடனே நிறுத்திவிட்டார்.

“இனிமே இத யாரும் போட்டுப் பாக்கக் கூடாது. உள்ள ஒரு தட்டு சுத்தும். அதப் படிக்கறதுக்கு மேல ஒரு தலை இருக்கும். அந்தத் தலை போயிடுச்சு. இதே மாதிரி, இதே வகை டிஸ்க் இன்னொண்ணு தேடிப் புடிச்சு அதோட தலைய எடுத்து இதுக்கு மாட்டணும்.”

“செத்தவங்க கண்ண எடுத்து வெக்கற மாதிரியா?”

“அதேதாம்மா. ஆனா வெச்சாலும் எல்லாம் தெரியும்னு சத்தியம் பண்ண மாட்டேன்.” அவளைப் பார்த்துக் கேட்டார், “நகல் எடுத்து வெச்சீங்களாம்மா?”

நாத்தனார் வேகமாகத் தலையாட்டி எழுதிக் காட்டினாள். அவர் படித்தார், “ரெண்டு நகலா? எங்க இருக்கு?” அவள் மறுபடி எழுதினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“என்னய்யா எழுதியிருக்கா?”

“ரெண்டு நகலயும் இதே டிஸ்க்லயே வேற வேற ஃபோல்டர்ல வெச்சிருக்காங்க.”

எனக்கே புரிந்துவிட்டது. “முன் ரூம்ல ஒண்ணு, பின் ரூம்ல ஒண்ணுன்னு வெச்சிருக்கா. வீடே எரிஞ்சுபோச்சு. படிச்சவதானேடி நீ?”

பதில் சொல்ல அவளிடம் பட்டன் இல்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைப் பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, அந்த மனிதர் தன் போனை எடுத்து, “இதுல எழுதினா போதும், அதுவே பேசும்” என்று ஏதோ தட்டினார். ஒரு பெண் குரல் வந்தது, செய்தி வாசிப்பதுபோல், “வணக்கம் அண்ணி.” நாத்தனார் போனை அவர் பக்கமே நகர்த்திவிட்டாள்.

“வேணாம்யா. எங்க வீட்டுச் சண்டைல இவ யாரு வந்து பேசறதுக்கு?” என்றேன்.

அதே வகை டிஸ்க் கிடைக்க நாள் பிடித்தது. அதுவரை வீட்டில் இருந்த அமைதியை எப்படிச் சொல்வது. அவளுக்கு என்னைக் கூப்பிட வேண்டுமென்றால் தட்டில் கரண்டியால் தட்டினாள். வந்து நின்றால் எதற்கு என்று கையைக் காட்டினாள். எனக்குப் பாதி புரியாது. தண்ணீர் கேட்டால் தலையணை கொடுத்தேன். கொஞ்ச நாளில் அவள் தட்டுவதையும் விட்டுவிட்டாள். வேண்டியதைத் தானே எழுந்து போய் எடுத்துக்கொண்டாள். நான் டிவியை இருக்கிற சத்தத்தையெல்லாம் கூட்டிவைத்தேன். அவள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அணைத்துவிட்டு அந்தக் கறுப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். புருஷன் போனபோது அழுது தீர்க்க ஆள் இருந்தார்கள். இதற்கு யாரிடம் போய் என்ன சொல்வது? நாத்தனார் திட்டவில்லை என்று சொன்னால் ஊர் சந்தோஷப்படும்.

ஒருவழியாக டிஸ்க் கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். நாங்கள் போனபோது வேறு ஆட்களும் காத்திருந்தார்கள்.

“தலை மாத்தியாச்சு. முக்காவாசி வந்திருக்கு. ஒவ்வொண்ணாப் போடறேன், சரியா இருக்கான்னு பாருங்க.”

போட்டார். “அண்ணி, பசிக்குது.” நாத்தனார் என் முழங்கையைப் பிடித்தாள். பிடி வலித்தது, நான் விடச் சொல்லவில்லை. அடுத்தது, “அண்ணி, டிவி சத்தத்தக்...” அதோடு நின்றது.

“இது இவ்வளவுதாம்மா. மிச்சம் அழிஞ்சுபோச்சு.”

“பரவால்ல. மிச்சத்த நான் சொல்லிக்கறேன்.”

காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். எங்கள் வீட்டுச் சண்டை முழுக்க அந்தக் கடையில் ஓடியது. அப்புறம் நான் கேட்டேயிராத பேச்சு வந்தது.

“வாங்க வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?”

“அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க.”

“வந்ததும் கெளம்பறீங்களே, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சிட்டுப் போங்க.”

“அடுத்த தடவ பிள்ளைங்களயும் கூட்டிட்டு வாங்க.”

ஒன்று விடாமல் சுத்தமாக வந்திருந்தது. அவள் டெலிபோனில் பேசுகிற நல்ல குரல். எனக்காக வைத்த குரல் இல்லை. ஆபரேஷனுக்குப் பிறகு வந்து பார்க்கப் போகிறவர்களுக்காகப் பேசி வைத்திருக்கிறாள். அவள் கட்டிலில் படுத்திருந்தபோது, கூட வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்காரர்கள் பழம் கொண்டுவந்து பார்த்ததோடு சரி. வீட்டுக்கு ஒருத்தரும் வரவில்லை. என் மகன் போனில் என்னிடம் பேசுவான். அத்தை எப்படி இருக்கா என்று கேட்பான், அவள் நல்லா இருக்கா என்று சொல்லி வைத்துவிடுவேன். அந்தப் பட்டன்களை அவள் ஒரு தடவைகூட அழுத்தியதில்லை.

நாத்தனார் என் பக்கம் திரும்பவில்லை. மேசையில் கிடந்த குட்டித் திருகாணி ஒன்றை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான் பேசியிருக்க” என்றேன்.

கடைக்காரர் புது டிஸ்க் ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் மாட்டினார். சின்னதாக இன்னொன்றும் வாங்கச் சொல்லி அதிலும் எல்லாவற்றையும் ஏற்றினார். “இத உங்க வீட்லயே வெக்காதீங்க. வேற யாரு வீட்லயாவது குடுத்து வைங்க.”

வீட்டுக்கு வந்து அதை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். யார் வீட்டில் கொடுப்பது?

“உன்னோட வேல பாத்தாளே, அந்தச் சுருட்டமுடிக்காரி?” தலையை ஆட்டினாள், இல்லை என்று. “எம் பையன்?” என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவனைப் பார்க்க ப்ளேன் ஏறிப் போக வேண்டும். “உன் சித்தி மக?” அதற்கும் இல்லை. அதற்கு மேல் எனக்கும் பேர் கிடைக்கவில்லை.

கடைசியில் கீழே தைக்கிறவளிடம் போனோம். ரவிக்கை தைக்கக் கொடுப்பதைத் தவிர அவளிடம் பேசிப் பழக்கம் இல்லை. அவள் மிஷினை நிறுத்திவிட்டு டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுல என்னக்கா இருக்கு?”

“இவ குரலு.”

அவள் நாத்தனாரை நிமிர்ந்து பார்த்தாள். பட்டன் போட்டு வைக்கிற தகர டப்பாவைக் கொட்டிவிட்டு அதில் டிஸ்கை வைத்து மூடி மேல் அலமாரியில் ஏற்றினாள். “ஒரு நாள் மேல வரேங்க்கா, வந்து கேக்கறேன்” என்றாள்.

இன்னும் வரவில்லை. தையல் வேலை அதிகம் போலிருக்கிறது. நாத்தனார் மட்டும் சாயங்காலமானால் பெட்டியைத் திறந்து கதவுப் பக்கமாக வைத்துக்கொண்டு உட்காருகிறாள். நான் கவனிக்காத மாதிரி டிவி பார்க்கிறேன்.

டிஸ்கைக் கொடுத்த அன்றைக்கு நாங்கள் படியேறும்போது தைக்கிறவள் பின்னாலேயே வந்து கேட்டாள், “வெல ஜாஸ்தியாக்கா? தொலஞ்சுபோச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?”

நாத்தனார் எழுதிக் காட்ட அட்டையை எடுத்தாள். அதற்குள் நானே சொல்லிவிட்டேன்.

“ஒரு மடக்குக் கொட வெலதான். அதுவும் நல்ல கொட இல்ல.”