மிச்சத் துணி

அந்தத் தெருவில் தையல்காரிக்கு 'பத்திரம் அக்கா' என்றுதான் பேர். எதைக் கையில் எடுத்தாலும் "பத்திரமா இருக்கட்டும்" என்பாள். யாருக்குத் தைத்தாலும் மிச்சத் துணியைத் தூக்கிப் போட மாட்டாள். நாளைக்கு அவர்கள் உடம்பு பெருத்தால் அதே துணியில் சேர்த்துத் தைக்க வேண்டாமா? கட்டிலுக்கு அடியில், பீரோவுக்கு மேல், சன்னலை அடைத்துக்கொண்டு மூட்டை மூட்டையாக வைத்திருந்தாள். ஊரார் உடம்பு பெருத்ததோ என்னவோ, மூட்டைகள் நன்றாகப் பெருத்தன.

பஸ் ஓட்டும் அவள் கணவருக்கு மூச்சிரைப்பு. வண்டிப் புகைதான் காரணம் என்று அக்கா அடித்துச் சொல்வாள். பகலெல்லாம் புகையில் கிடக்கும் மனுஷன் வீட்டுக்குள் நுழைந்ததும்தான் தும்ம ஆரம்பிப்பார். அது மட்டும் அவள் கண்ணில் படவே இல்லை.

ஒரு விடுமுறைப் பகலில் அவருக்கு மூச்சு முட்டியது. கையிலிருந்த இன்ஹேலர் தீர்ந்துபோயிருந்தது.

"புதுசு ஒண்ணு... உன்கிட்ட கொடுத்தேனே?"

"பத்திரமா வச்சிருக்கேங்க!"

எங்கே என்றுதான் தெரியவில்லை. ஒரு மூட்டையைப் பிரித்து உதறினாள். தூசி பறந்தது, அவர் இருமினார். அடுத்ததை உதறினாள், அவர் உதடு நீலம் பாய்ந்தது. மூன்றாவதில் கை வைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. தேடத் தேடத்தான் இவர் மூச்சு அடைகிறது! மூட்டையை அப்படியே போட்டுவிட்டு, அவரைத் தோளில் சாய்த்துத் தெருவுக்கு இழுத்து வந்தாள். எதிர்வீட்டுக்காரர் வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் காலில் செருப்புகூட இல்லை.

நல்லவேளை, பிழைத்தார். மறுநாள் அவரைத் தன் தம்பி வீட்டில் உட்கார வைத்துவிட்டு, அக்கா முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினாள். எந்த மூட்டையையும் பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்குத் தெரியும். எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றினாள்.

வண்டி தெருமுனை திரும்பியிருக்காது, பள்ளிக்கூட டீச்சர் வந்து நின்றார். "அக்கா, பச்சைச் சட்டை இறுக்குது. மிச்சத் துணி உங்ககிட்ட இருக்கும்ல?"

அக்கா தெருப்பக்கம் எட்டிப் பார்த்தாள். ஓடினால் வண்டியைப் பிடித்துவிடலாம். வாசல்வரை போயும் விட்டாள்.

"இல்ல டீச்சர்," என்று திரும்பினாள். "இனிமே மிச்சத்தை உங்க கையிலயே கொடுத்துடறேன்."

அறையைத் துடைக்கும்போது இன்ஹேலர் பட்டன் டப்பாவில் கிடைத்தது. சாயங்காலம் வந்த கணவர், திறந்திருந்த சன்னலருகே நின்று மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தார்.

அவள் இன்ஹேலரைக் காட்டினாள். "இதையாவது பத்திரமா எடுத்து வை," என்றார்.

"பத்திரமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்." அவள் அதைக் கயிற்றில் கட்டிக் கதவோர ஆணியில் தொங்கவிட்டாள். "கண்ணு முன்னால இருக்கட்டும்."