மணி அடிக்கும்வரை புகழ்ந்தவர்

மருதமுனையிலிருந்து அட்டாளைச்சேனை வரை எவர் புத்தகம் வெளியிட்டாலும் நயவுரைக்குக் காலிதீன் மாஸ்டரைத்தான் கூப்பிடுவார்கள். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துகிற உரை அவரிடம் இருந்தது. பேரை மாற்றினால் போதும். மனைவி சரீபாவுக்கு அது மனப்பாடம்.

கல்முனைத் துணிக்கடை நளீம் சிறுகதைத் தொகுதி போட்டபோதுதான், அதிசயமாக, மாஸ்டர் புத்தகத்தை வாசித்தார். ஒரு கதையில் உம்மா படுக்கையில் கிடக்கிறா. மகன் நாலு பக்கம் அழுகிறான்.

"அழுதா முதுகுப் புண் ஆறுமா?" என்றாள் கதையைக் கேட்ட சரீபா.

மாஸ்டரின் உம்மாவைக் கடைசிக் காலத்தில் புரட்டிப் படுக்கவைத்து, கழுவித் துடைத்தவள் அவள். மாஸ்டர் கதவடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சரிதான் புள்ள. இந்தக் கதைக்கு உம்மாவில அக்கறை இல்ல. மகன்ட கண்ணீருலதான் அக்கறை."

"அத எழுதுங்க. கதைக்குள்ள இருந்தே காட்டுங்க. தண்ணி குடுக்க ஆளில்ல, சீலை மாத்த ஆளில்ல."

"சிறுகதையில எல்லாத்தையும் சொல்ல ஏலாதெண்டு மறுப்பாங்களே?"

"அழ மட்டும் நாலு பக்கம் கிடைச்சிச்சா?"

அதையும் எழுதினார். வாசித்துக் காட்டியபோது சரீபா அடுப்பை அணைத்துவிட்டுக் கேட்டாள். தான் செய்த வேலையைப் பற்றிச் சபையில் ஒரு பேச்சு வரப்போகிறது என்று நம்பினாள்.

மாஸ்டரோ அந்தப் பக்கங்களைக் கடைசியில் வைத்தார். "சபை மரியாதை இருக்கு. முதல்ல வந்தவங்கள விளிக்கோணும். பிறகு பாராட்டு. குறை பிறகுதான்."

விழாவில் தலைவரை விளித்தார், மௌலவிமாரை விளித்தார், பொன்னாடை வாங்கித் தந்தவரையும் விளித்தார். அட்டைப்படத்தைப் புகழ்ந்தார். அச்சகத்தைப் புகழ்ந்தார். மகனின் கண்ணீரைக் கடலோடு ஒப்பிட்டார். "ஆனால்…" என்று தொடங்கும்போது தலைவர் மணியை அடித்தார். இன்னும் கொஞ்ச நேரம் தாருங்கள் என்றுகூடக் கேளாமல் மாஸ்டர் ஸலாம் சொல்லி இறங்கினார். இறங்கிய வேகத்தைப் பார்த்தால் மணிக்காகவே காத்திருந்தவர் போல இருந்தது.

நளீம் ஓடிவந்து கையைப் பிடித்தார். "அந்த உம்மா கதை உங்களுக்குத்தான் விளங்கியிருக்கு சேர்!"

பெண்கள் பக்கமிருந்து சரீபா எழுந்து வந்தாள். "தம்பி, இன்னும் ரெண்டு பக்கம் வாசிக்காமக் கிடக்கு."

"அது… வாழ்த்துத்தான்," என்றார் மாஸ்டர்.

"வாழ்த்தெண்டா தம்பிக்கிட்டயே குடுங்களன்."

நளீம் ஆசையோடு கையை நீட்டினார். மாஸ்டர் தாள்களை மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தார். "கிறுக்கல் எழுத்து தம்பி. வடிவா எழுதித் தாறன்."

எழுதியும் கொடுத்தார். வாழ்த்துத்தான்.

அடுத்த விழாவுக்குச் சட்டையை அயன் பண்ணித் தரச் சொன்னபோது, "உங்கட கைக்கு என்ன?" என்றாள் சரீபா.