களை என்று பிடுங்கிய பாத்தி

என் அக்காவுக்கு வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாது. ஆராய்ச்சிப் பண்ணையில் கோதுமையைக் காட்டுப் புல்லோடு சேர்ப்பது அவள் வேலை. நான் அங்கே ஜீப் ஓட்டுகிறேன். கோதுமையைப் பாழாக்கும் துருநோயைத் தாங்கும் குணம் அந்தப் புல்லிடம்தான் இருக்கிறது. ஆனால் இரண்டும் லேசில் ஒட்டாது. கோதுமைப் பூவில் புல்லின் மகரந்தத்தைத் தடவி, மணி சூம்பிப்போகுமுன் கருவை எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வளர்க்க வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரே ஒரு பாத்திதான் தேறியது.

நேற்று மேலதிகாரி வருகிறாரென்று இயக்குநர் அதைக் களை என்று பிடுங்கி எறியச் சொல்லிவிட்டார்!

அக்கா குப்பைமேட்டைக் கிளறினாள். ஒரு செடிக்கு மட்டும் உயிர் இருந்தது. அதோடு இயக்குநர் அறைக்குப் போனாள். ஆத்திரத்தில் நானும் பின்னாலேயே போனேன்.

“பாத்தியில பேர்ப்பலகை இருந்துச்சே சார்?”

“அதுவும் அழுக்கா இருந்துச்சும்மா. அதான் எடுக்கச் சொன்னேன்.”

நான் வாயைத் திறக்குமுன், அவர் மேஜைத் தொட்டியிலிருந்த ரோஜாவை அக்கா வேரோடு பிடுங்கினாள். தன் செடியை அதில் நட்டு மண்ணை அழுத்தினாள்.

“இது கதிர் விடற வரைக்கும் இந்த ரூமை யாரும் சுத்தம் பண்ணக் கூடாது சார்.”