எட்டு ஆகாதவர்

கம்பத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தேன். திருட்டு விண்டோஸுக்கு ரெய்டு வருமென்று பயந்து முதலாளி எல்லாக் கம்ப்யூட்டரிலும் லினக்ஸ் போடச் சொல்லியிருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஃபைலைத் திறந்து அதன் முகவரி போன்ற ஐ.பி. எண்ணை நான்தான் கையால் அடிப்பேன். இன்டர்நெட்டுக்குப் போகும் வழி மோடம். அதற்குக் கடைசி எண் ஒன்று. கம்ப்யூட்டர்களுக்கு இரண்டிலிருந்து கொடுத்துக்கொண்டே வந்ததில் கல்லா மேஜைக்கு எட்டு விழுந்தது. முதலாளி முகத்தைச் சுளித்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

கோம்பையிலிருந்து ஒரு பெண் வெள்ளிக்கிழமைகளில் வருவாள். கணவன் சவுதியில். அவனுக்குப் போன் கிடையாது, சாட் மட்டும்தான். ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு வருட வேலைக்கு அவன் கையெழுத்துப் போட வேண்டுமாம். வேண்டாம், வந்துவிடுங்கள் என்று சொல்லப்போவதாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நெட் செத்துக் கிடந்தது. மோடம் உயிரோடு இருக்கிறதா என்று அதன் எண்ணுக்குப் பிங் கொடுத்தேன். பதில் டக்கென்று வந்தது. அப்படியென்றால் மோடம் சரி, கோளாறு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் என்று அவர்களைத் திட்டித் தீர்த்தேன். வாடிக்கையாளர் உட்காரும் கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகத் திறந்து அடித்ததையே திரும்ப அடித்தேன். அவள் மவுஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசியில் எரிச்சலில் மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய பிறகும் ஒன்றாம் எண் பதில் சொன்னது. அப்படியென்றால் அந்த எண்ணில் வேறொன்று இருக்கிறது; நான் பார்க்காதது கல்லா மட்டும்தான்.

கல்லாவுக்கு ஓடிப் பார்த்தால், நான் எட்டு என்று அடித்த இடத்தில் மோடத்தின் எண்ணான ஒன்று இருந்தது. மோடத்தைத் தேடிப் போனதெல்லாம் இங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது.

"எட்டு நமக்கு ஆகாதுப்பா. நீ அடிச்சதப் பாத்து காலையில நானே மாத்திட்டேன்" என்றார் முதலாளி, பெருமையாக. அந்த ஆளை நாலு அறை அறையலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணை மாற்றி, வயரைச் சொருகினேன்.

நெட் வந்தது. அவள் கணவன் சாட்டை விட்டுப் போய்விட்டிருந்தான். தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து ஒரு செய்தி விட்டிருந்தான். அவளுக்கு அந்த எழுத்து தெரியாது. எப்போதும் போல நான்தான் படிக்க வேண்டும். படித்தேன்.

"ரொம்ப நேரம் பாத்தேன். நீ வரல. ஒனக்குச் சம்மதம்னு நெனச்சுக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவள் அழுதிருந்தால்கூடத் தேவலை. கீபோர்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"நான் இங்கனதான் இருந்தேன்னு அடிங்கண்ணே."